காமாலை இல்லாத வலி

அந்த வலி முதலில் வந்தபோது கோப்பெங் பஸ் ஸ்டேஷனில், பஸ் படிக்கு மேலே நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து தாப்பா போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் அந்த வேலையில் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தோம். கோழிக்கூடையோடு ஒரு சீனக் கிழவர் ஏறினார். கூடைக்கு வழிவிட உடம்பைத் திருப்பினேன். வலது விலாவுக்குக் கீழே கொக்கியை மாட்டி யாரோ சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. கையிலிருந்த டிக்கெட் கட்டு கீழே விழுந்தது.

"என்ன லா, அமலா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணே, போலாம்" என்று மணியை அடித்தேன்.

எனக்கு வயிற்றுவலி புதிதல்ல. அதுதான் சங்கடமாகப் போயிற்று. ஒரு பழைய வியாதியோடு வாழ்கிறவர்களுக்குப் புதிதாக என்ன வந்தாலும் அது பழைய வியாதியின் தலையிலேயே விழும். விழாவிட்டால் நம் தலையில் விழும். என்னைப் போல் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய வியாதியைச் சொல்லிவிடுகிறேன். ஈரலில் ஊறும் பித்தம் குடலுக்கு இறங்கிவர ஒரு குழாய் இருக்கிறது. ஈரலுக்குள் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து, கீழே வரும்போது ஒரே குழாயாகச் சேரும். என்னுடைய குழாய் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் வீங்கியும் இருந்தது. வீங்கிய இடத்தில் பித்தம் தேங்கி, பழுப்பு மண் மாதிரிக் கல் சேரும். கல் அடைத்தால் கிருமி பெருகும். அப்போது நடுக்கும் குளிரோடு காய்ச்சல் வரும், வயிற்றின் மேற்பக்கம் முழுக்க வலிக்கும், கண் மஞ்சளாகும். தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதை அதிகம் பார்ப்பதாகவும், சிறு வயதில் குடலிலிருந்த பூச்சி குழாய்க்குள் ஏறியதுகூடக் காரணமாக இருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். நான் கோப்பெங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது அப்பா எங்களை ஈப்போவுக்குக் கூட்டிவந்தார். பூச்சியும் கூட வந்திருக்கலாம்.

கல்யாணமான மறுவருடம், எழுபதுகளின் கடைசியில், ஈப்போ ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்து, குழாயிலிருந்த கல்லைச் சுரண்டினார்கள். வலது விலாவை ஒட்டிச் சாய்வாக ஒரு நீளத் தழும்பு. குழாய் முழுசாகச் சரியாகாது, வரும் போகும், காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன்படி வந்தது, போனது. நானும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், போனேன்.

என் கணவர் சேவியர் ஜெலாப்பாங்கில் ஒரு டயர் பட்டறையில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். அந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் கோப்பி குடித்ததும் என்னை அடுப்படி ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். மஞ்சளாக இருந்தால் லீவு போட்டுவிட்டு டாக்சி கூப்பிடுவார். வெள்ளையாக இருந்தால் சட்டையை மாட்டுவார்.

கோப்பெங்கில் வலி வந்த மறுநாளும் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு. காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல."

"அப்ப காத்தா இருக்கும். வெந்நீர் குடி."

நானும் காற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் அது போகவில்லை. உட்கார்ந்து எழுந்தால் இழுத்தது. பஸ் வளைவில் திரும்பினால் இழுத்தது. தும்மினால், சிரித்தால் இழுத்தது. ஆடாமல் மல்லாந்து படுத்திருந்தால் மட்டும் விட்டது. சீட்டின் இரும்புக் கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் பழகினேன். சில வாரங்களில் சிரிப்பதை விட்டுவிட்டேன். அப்படித் தீர்மானித்து விட்டதில்லை. வலிக்கிற காரியத்தை உடம்பு தானாகவே நிறுத்திக்கொள்கிறது. பிறகு மனசும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பித்தம் ரத்தத்தில் கலந்திருந்தால் அதில் தெரியும். கலக்கவில்லை. இரைப்பைப் புண்ணாக இருக்குமோ என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். பிறகு வாய் வழியாக ஒரு குழாயை விட்டு இரைப்பைக்குள் பார்த்தார்கள். புண் இல்லை. ஒவ்வொரு முறையும் முடிவைச் சொல்லும்போது டாக்டர்கள் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு."

அதைக் கேட்டு வெளியே வரும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சேவியர் எழுந்து நிற்பார். "நல்லா இருக்காம்" என்பேன். "அப்புறம் என்ன லா" என்பார். பஸ் ஏறி வீட்டுக்கு வருவோம்.

ஒரு நாள் தாப்பாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலி இழுத்த இழுப்பில் கால் மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அதே பெண்கள் வார்டு. மிஸ்ஸிமார் சிலருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "மறுபடியும் பித்தமா, அக்கா?" என்று ஒரு மிஸ்ஸி கேட்டாள். அந்த வார்டில் நர்சுகளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "தெரியல" என்றேன். அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்கு ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு மலாய் அம்மா இருந்தார். நாம் அத்தை என்கிற மாதிரி, மலாயில் மாக்சிக் என்றே கூப்பிட்டேன். அவருடைய மகன் கொண்டுவரும் பூபூர் கஞ்சியில் பாதியை என் தட்டில் ஊற்றிவிடுவார். வேண்டாம் என்றால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். சேவியரின் அக்கா ஞானம் தினமும் மதியம் வருவார். நாத்தனார்தான், ஆனால் நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவள். எண்ணெய் இல்லாமல் வேகவைத்த பீன்சு, மிளகு குறைத்த ரசம் என்று அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவார். எனக்குக் கொழுப்பு ஆகாது என்பதற்காகத் தன் வீட்டிலும் தேங்காய்ப்பால் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார். நான் அவர் வீட்டில் சாப்பிடுகிறவளே இல்லை. இருந்தும் நிறுத்தியிருந்தார்.

வார்டில் இருந்தபோது ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பசை தடவி ஒரு கருவியை நகர்த்தினால் உள்ளே இருப்பது சாம்பல் நிறத்தில் திரையில் தெரியும். அப்போது அது புதுசு. ஈரல் பழையபடி இருந்தது. குழாய் பழையபடி கோணலாக இருந்தது. புதிய கல் இல்லை. பிறகு ஆம்புலன்ஸில் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே வாய் வழியாகச் சிறுகுடல்வரை குழாயை இறக்கி, பித்தக்குழாயின் வாசலில் சாயத்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். தொண்டை மரக்க மருந்து அடித்திருந்தார்கள். திரும்பி வரும் வழியில் எச்சிலை விழுங்கியது எனக்குத் தெரியவில்லை. பேசாமல் வந்தேன். கூட வந்த மிஸ்ஸி நான் பயந்துபோயிருப்பதாக நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயப்படவில்லை. முதலில் பயந்தேன். புற்று என்றும், ஈரல் அழுகிவிட்டது என்றும் நினைத்தேன். பிறகு எப்போதோ அந்தப் பயம் நின்றுபோயிருந்தது.

படம் வந்தது. அடைப்பு இல்லை.

வார்டுக்கு ஒரு சின்ன டாக்டர் இருந்தார். பினாங்குப் பக்கத்துத் தமிழ்ப் பையன். மரியாதையானவர், எல்லாரையும் அக்கா, அண்ணே என்றுதான் பேசுவார். ஒரு மாலை பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன்னால் சேவியரை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். என் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. நான் தூங்குவதாக நினைத்திருப்பார்கள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு மனசுல ஏதாவது பாரம் இருக்கா?"

"என்ன பாரம்?"

"பிள்ளை இல்லைன்னு கவலை... வீட்டுல ஏதாவது..."

"அவ அழுது நான் பார்த்ததே இல்லையே, டாக்டர்."

"அதனாலயும் இருக்கலாம் அண்ணே. உள்ள அடக்கி வச்சா உடம்புல வலியா வரும். மனசு டாக்டர் ஒருத்தர் பார்த்தா நல்லது. நான் எழுதித் தாரேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் மனசு டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். தஞ்சோங் ரம்புத்தான். அங்கே இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வதற்கே அந்தப் பேர் போதும்.

சேவியர் உள்ளே வந்தார். வராந்தாவில் நடந்ததைச் சொல்லவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினார். நரம்பையெல்லாம் சுத்தமாக எடுத்தார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு எப்ப போறோம்?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?"

"காதுல விழுந்துச்சு. போலாம். அங்க காலையில குளிரும்னு சொல்வாங்க. என் ஸ்வெட்டர் அலமாரில கீழ்த்தட்டுல இருக்கு, எடுத்துட்டு வாங்க."

கோபத்திலோ அவரைக் குத்தவோ அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அதுவும் இன்னொரு வார்டு, அவ்வளவுதான். சேவியர் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். இமையை இழுத்துப் பார்க்கவில்லை. எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார். அது கிடைக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பழத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். பார்வையாளர் நேரம் முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை.

மறுநாள் ஞானம் அக்கா அடுக்கைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி ராத்திரி சாப்பிடவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வலிக்குதுன்னா சத்தம் போடு, அமலா. நீ இப்படி மரம் மாதிரி படுத்திருந்தா யாரு லா நம்புவா?"

"சத்தம் போட்டா வயிறு இழுக்குது, அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்க்கட்டிலில் யாரோ ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ரசத்தை எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது.

சேவியர் செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று காலை வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் காடி நிறுத்தும் இடத்தில் போய் நின்றிருக்கிறார். எனக்கு முன்பு ஆப்பரேஷன் செய்த பெரிய டாக்டருக்காக. அவர் ஒரு சீனர், நரைத்தவர். நீண்ட லீவிலிருந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். காடிக் கதவைத் திறந்ததும் சேவியர் முன்னால் போய், தனக்குத் தெரிந்த மலாயில் பேசியிருக்கிறார். என் பெண்டாட்டி வலி என்கிறாள், படத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை, வெட்டியது நீங்கள், ஒரு தடவை நீங்களே கை வைத்துப் பாருங்கள் என்று. டாக்டர் பேரைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். இவர் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியத்துக்குப் பிறகு பெரிய டாக்டர் வந்தார். சின்ன டாக்டர் படங்களை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மலாயில்தான் பேசினார்.

"எங்கே வலிக்கிறது? ஒரே விரலால் காட்டு."

இதுவரை எல்லாரும் எங்கே என்று கேட்டுவிட்டு, நான் காட்டுவதற்குள் உள்ளங்கையை விரித்து வயிற்றை அமுக்கிவிடுவார்கள். நான் ஆள்காட்டி விரலைத் தழும்பின் கீழ்முனையில் வைத்தேன். வேறெங்கும் போகாமல் அங்கேயே வைத்திருந்தேன்.

"எப்போதும் அங்கேதானா?"

"எப்போதும் அங்கேதான்."

"படுத்திருந்தால்?"

"இல்லை."

அவர் தன் விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். வலித்தது. விரலை எடுக்காமலே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார். தூக்கினேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாக்சிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வார்டில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

பெரிய டாக்டர் விரலை எடுத்துவிட்டுச் சின்ன டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார். வயிற்றுச் சதை இறுகும்போது அது உள்ளே இருப்பதை மூடிக் காக்கும். வலி உள்ளே, குழாயிலோ குடலிலோ இருந்தால், சதை இறுகியதும் அழுத்துகிற விரல் அங்கே எட்டாது, வலி குறைய வேண்டும். உனக்குக் கூடியது. அப்படியானால் வலி உள்ளே இல்லை, அந்தச் சதையிலேயே இருக்கிறது. தழும்பு ஆறும்போது சில சமயம் ஒரு நரம்பைப் பிடித்துக்கொள்ளும். வருடங்கள் கழித்துக்கூட அது நோகத் தொடங்கும். ஸ்கேனில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது.

"எல்லாரும் உன் பித்தக்குழாயைத் தேடினார்கள்" என்றார். "நானாக இருந்தாலும் முதலில் அதைத்தான் தேடியிருப்பேன்."

பல் பிடுங்கும்போது போடுகிற மரத்துப்போகும் மருந்தை ஊசியில் எடுத்து வரச் சொன்னார். விரல் இருந்த இடத்தில் குத்தினார். உள்ளே போகும்போது எரிந்தது. பக்கத்துக் கட்டிலில் மாக்சிக்கின் தையலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எழுந்து உட்கார்."

வழக்கம்போல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழப் போனேன். "அப்படி இல்லை, நேராக" என்றார். நேராக எழுந்தேன். இழுக்கவில்லை. நானே விரலால் அழுத்திப் பார்த்தேன். பலமாக அழுத்தினேன். இறங்கி வார்டின் கடைசிக் கட்டில்வரை நடந்து திரும்பி வந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரிப்பேன் அல்லது அழுவேன் என்று காத்திருந்திருப்பார்கள். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். வலி இல்லாத வயிறு யாருடையதோ மாதிரி இருந்தது.

சின்ன டாக்டர் போகுமுன் என்னிடம் வந்து, "மன்னிச்சுக்குங்க, அக்கா" என்றார்.

"பரவாயில்ல தம்பி. நீங்க நல்லாத்தானே பார்த்தீங்க" என்றேன். அதையும் மனதாரத்தான் சொன்னேன்.

மாலையில் சேவியர் ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுப்பதா, மறைப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"பெரிய டாக்டர் வந்தாரு" என்றேன். "நரம்பாம். தழும்புல மாட்டிக்கிச்சாம். ஊசி போட்டதும் வலி போயிருச்சு."

"போயிருச்சா?"

"இப்ப இல்ல. மருந்து இறங்கினா திரும்ப வரும்னு சொன்னாரு. வந்தா நல்லது, அப்பத்தான் நரம்புதான்னு உறுதியாமே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார்.

"நான் மனசுன்னுதான் நினைச்சேன்."

"தெரியும்."

"கோவமா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல" என்றேன். உண்மையாகவே இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது. கோபம் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அக்கா கொண்டுவந்த பீன்சில் மீதியைச் சாப்பிட்டேன். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

இருட்டுவதற்குள் வலி திரும்பி வந்தது. டாக்டர் சொன்னபடியே வந்தது. அதன் பிறகு சில முறை அதே ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் நிம்மதி கொஞ்சம் நீண்டதே தவிர நிலைக்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டரே தழும்பின் முனையை மட்டும் சிறிதாகத் திறந்து, அந்த நரம்பைத் தேடி அறுத்துவிட்டார். வலி போகும், ஆனால் அந்த இடத்துத் தோலில் உணர்ச்சி இருக்காது, சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டார். சம்மதம் என்றேன்.

பித்தக்குழாய் கோணலாகவேதான் இருக்கிறது. அது வேறு கதை. காய்ச்சலும் குளிரும் வருகிறபோது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும், எங்கே என்று கேட்டதும் நானே ஒரு விரலால் காட்டிவிடுகிறேன். அவர்கள் கையை விரிப்பதற்குள் காட்டிவிடுகிறேன்.

மனசுக்குள் இருந்த மரப்பு வலியோடு சேர்ந்து போய்விடவில்லை. மறுபடி பஸ்ஸில் ஏறினேன், டிக்கெட் கிழித்தேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். சேவியர் என்னோடு கவனமாகப் பேசினார், கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுகிற மாதிரி. நானும் நன்றாகத்தான் பதில் சொன்னேன். எங்களுக்குள் சண்டை இல்லை. வேறெதுவும் இல்லை.

தையல் பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டையை இன்னும் போடவில்லை. சேவியர் பின்னால் வந்து, "பார்க்கட்டுமா?" என்று கேட்டார். முதல் ஆப்பரேஷன் ஆன நாளிலிருந்து அந்தத் தழும்பைப் பார்க்க அவர் கேட்டதில்லை. திரும்பி நின்றேன். வேலைசெய்து காய்ப்பேறிய கையை அதன் முனையில் வைத்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"என் கை தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். கை அங்கேதான் இருந்தது.

"தெரியல" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. தலையைக் குனிந்தபடி நின்றார். வெளியே முதல் பஸ் வந்து நின்று, என்னை எதிர்பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைக் கொஞ்சம் மேலே, விலாப் பக்கமாக நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஓரிடத்தில் சூடு தெரிந்தது. அங்கே வைத்துக்கொண்டேன்.